மவுஸ் செத்த திங்கட்கிழமை: கை தானாகப் போகிற ஷார்ட்கட் உங்களுக்கு எது?

தண்டையார்பேட்டை ஜெராக்ஸ்

போன திங்கட்கிழமை கடையைத் திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை, மவுஸ் உயிரை விட்டுவிட்டது. வயரை ஆட்டினால் அடியில் சிவப்பு விளக்கு ஒரு நொடி எரியும், அப்புறம் அணையும். ஒரு வேலைக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட அன்றுதான் கடைசி நாள். டி.எச். ரோடு வெயிலில் ஏழு பேர் நிற்கிறார்கள், பக்கத்தில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிறவர் பதினொன்றரைக்கு முன்னால் ஷட்டரைத் தூக்க மாட்டார்.

வேறு வழியில்லாமல் டேப் கீயைத் தட்டித் தட்டியே ஃபார்ம் நிரப்பினேன். ஒரு பெண்ணுக்கு மாவட்டம் சென்னை என்று வைத்துவிட்டு, பக்கம் கொஞ்சம் கீழே போகட்டும் என்று கீழ் அம்புக்குறியை ஒரு தட்டு தட்டினேன். பக்கம் அசையவில்லை. நான் கவனிக்காமல் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டேன். எல்லாம் முடிந்து சரிபார்க்கிற பக்கம் வந்ததும் அந்தப் பெண் ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு, "அண்ணா, நாங்க எப்போ கோயம்புத்தூர் போனோம்?" என்று கேட்டது. நல்லவேளை, பணம் கட்டும் முன்னால் பார்த்தது.

பதினாறு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன், எனக்குத் தெரிந்ததெல்லாம் காப்பி, பேஸ்ட், பிரின்ட், அப்புறம் தப்பு செய்தால் கன்ட்ரோல் இசட். வெட்கமாகத்தான் இருக்கிறது. 'நூறு ஷார்ட்கட்' என்று வாட்சப்பில் சுற்றுகிற படம் என்னிடமும் இருக்கிறது, அதை யாரும் இங்கே போட வேண்டாம். நீங்கள் தினமும் யோசிக்காமல் தட்டுகிறது எது, எந்த வேலைக்கு, அதைச் சொல்லுங்கள்.

டேலிக்காரன்

அண்ணா, சௌகார்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் மேஜையில் மவுஸ் இருப்பது முதலாளி பையன் கேம் ஆடத்தான். டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேரில் எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல், எஃப்2 அடித்தால் தேதி மாற்றலாம். பில் போட்டுக்கொண்டிருக்கும்போது புதுப் பார்ட்டி வந்தால் வெளியே போகாமல் அங்கேயே ஆல்ட் சி தட்டி லெட்ஜர் திறந்துகொள்ளலாம். முடிந்ததும் கன்ட்ரோல் ஏ, பில் சேவ் ஆகிவிடும். தீபாவளி சீசனில் இதெல்லாம் கை தானாகச் செய்யும், நான் பார்ட்டியோடு போனில் பேசிக்கொண்டிருப்பேன்.

ஆனால் அந்தக் கன்ட்ரோல் ஏ என்னை ஒரு தடவை கவிழ்த்தது. பேங்குக்கு மூன்று பக்க லெட்டர், வேர்டில் அடித்து முடித்தேன். முடிந்ததும் கை டேலி என்று நினைத்துக் கன்ட்ரோல் ஏ, என்டர் என்று தட்டிவிட்டது. வேர்டில் கன்ட்ரோல் ஏ என்றால் மொத்தத்தையும் தேர்ந்தெடு என்று அர்த்தம், அதன் மேல் என்டர் விழுந்தால் என்ன ஆகும்? வெள்ளைத்தாள். அதோடு நின்றிருந்தால் கன்ட்ரோல் இசட் காப்பாற்றியிருக்கும். பதற்றத்தில் சேவ் போட்டு ஃபைலையும் மூடினேன். திரும்ப அடித்து முடிக்க இரவு ஒன்பது ஆனது, வியாசர்பாடிக்குக் கடைசியில் ஷேர் ஆட்டோதான்.

ஹையர் பாஸ்

பெரம்பூரில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இரண்டு விரலில் எழுத்தைத் தேடித் தேடி அடிக்கிறவர்களுக்கு ஷார்ட்கட் பாதி பலன்தான் தரும். டைப்ரைட்டிங் பரீட்சையில் ஆங்கில லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. அந்த 30ஐத் தொடாமல் எந்த ஷார்ட்கட்டைக் கற்றாலும் கண் கீபோர்டுக்கும் ஸ்கிரீனுக்கும் நடுவே ஊஞ்சல் ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

அதை விடுங்கள், ஜெராக்ஸ் தம்பிக்கு ஃபார்ம் விஷயத்துக்கு வருகிறேன். சென்னை கோயம்புத்தூரான காரணம் எளிது. மாவட்டம் தேர்ந்தெடுத்த பிறகும் கீபோர்டு அந்த லிஸ்டைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது, ஆங்கில வரிசையில் சென்னைக்கு அடுத்தது கோயம்புத்தூர். அதனால் லிஸ்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த அடுத்த நொடி டேப் அடித்து வெளியே வந்துவிட வேண்டும். லிஸ்டைத் திறக்க ஆல்ட்டோடு கீழ் அம்புக்குறி. முப்பத்துச் சொச்சம் மாவட்டத்தையும் உருட்ட வேண்டியதில்லை, பெயரின் முதல் மூன்று நான்கு எழுத்தை வேகமாக அடித்தால் அங்கே போய் நிற்கும். சின்னச் சதுரத்தில் டிக் போட ஸ்பேஸ் பார். ஒரு கட்டம் தாண்டிவிட்டால் ஷிஃப்ட் டேப், பின்னால் வரும்.

இன்னொன்று, பேக்ஸ்பேஸை எல்லோரும் டொக் டொக் என்று எழுத்துக்கு எழுத்து தட்டுகிறீர்கள். கன்ட்ரோலோடு சேர்த்து ஒரு தட்டு, முழு வார்த்தையும் போகும். கன்ட்ரோலோடு அம்புக்குறி அடித்தால் வார்த்தை வார்த்தையாகத் தாண்டும், கூடவே ஷிஃப்ட்டும் பிடித்தால் தாண்டிய வார்த்தைகள் தேர்வாகும். என் மாணவிகளுக்கு நான் முதல் வாரத்தில் சொல்வது இந்த மூன்று மட்டும்தான்.

ஷிஃப்ட் என்று ஏன் பெயர் என்று ஒரு பிள்ளை கேட்டது. பழைய மெஷினில் அதை அழுத்தினால் உள்ளே இரும்பு நிஜமாகவே இடம் மாறும், பெரிய எழுத்து வந்து விழும். எங்கள் இன்ஸ்டிட்யூட்டில் அந்த ரெமிங்டன் இன்னும் ஓடுகிறது. சுண்டுவிரல் வலிக்கிறது என்கிற இந்தக் காலத்துப் பிள்ளைகளை ஒரு வாரம் அதில் உட்கார வைப்பேன், அப்புறம் கம்ப்யூட்டர் கீபோர்டு பஞ்சு மாதிரி இருக்கும்.

ராயபுரம் நைட்ஷிஃப்ட்

ஐடி சப்போர்ட் வேலை, ராத்திரி முழுக்க மற்றவர்கள் கம்ப்யூட்டரைத் தூரத்தில் இருந்து பார்ப்பதுதான் பிழைப்பு. முதலில் ஒரு தகராறைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் எழுதினால் டிக்கும் டிக்கும் வித்தியாசம் தெரியாது, பிக்கும் பிக்கும் அப்படித்தான். அதனால் டெல்லி டி, டேப் டி, பேங்க் பி, பிரின்ட் பி என்று எழுதுகிறேன்.

ஜெராக்ஸ் அண்ணனுக்கு ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் விண்டோஸ் வி. கன்ட்ரோல் வி கடைசியாகக் காப்பி செய்ததை மட்டும்தான் தரும். விண்டோஸ் கீயோடு வி அழுத்தினால் இதுவரை காப்பி செய்த 25 சமாச்சாரம் வரை வரிசையாக நிற்கும், வேண்டியதில் என்டர் தட்டினால் போதும். முதல் தடவை 'ஆன் செய்யட்டுமா' என்று கேட்கும், சரி என்று விடுங்கள். விண்டோஸ் 10இல் 2018 அக்டோபர் அப்டேட்டிலேயே வந்துவிட்டது, ஆனால் நான் ராத்திரியில் பார்க்கிற பத்துப் பேரில் ஒருவர்கூட அதை வைத்திருப்பதில்லை. உங்கள் வேலைக்கு எப்படி என்றால், கஸ்டமர் வாட்சப்பில் அனுப்பிய பெயர், அப்பா பெயர், முகவரி, பின்கோடு, மெயில் ஐடி, ஐந்தையும் ஒரே மூச்சில் காப்பி செய்துவிட்டு ஃபார்முக்கு ஒரே தடவை வந்து ஒவ்வொன்றாகப் போடலாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் அங்கே ஓடி இங்கே ஓட வேண்டாம்.

மவுஸ் மறுபடி செத்தால் இரண்டு விஷயம். ரைட் கிளிக்குக்கு ஷிஃப்ட் எஃப்10. சுட்டியே வேண்டும் என்றால் இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம்லாக் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், கேட்பதற்குச் சரி சொன்னால் வலது பக்க எண் கீகளால் சுட்டி நகரும், 5 அடித்தால் கிளிக். ஆமை வேகம்தான், ஆனால் ஏழு பேர் நிற்கும்போது ஆமையும் வண்டிதான்.

தண்டையார்பேட்டை ஜெராக்ஸ்

டீச்சர், உங்கள் ஆல்ட் கீழ் அம்புக்குறியை இப்போதே செய்து பார்த்தேன். இத்தனை வருடம் அந்தக் குட்டி முக்கோணத்தைக் குறிபார்த்துச் சுட்டுக்கொண்டிருந்தேன். தலையில் அடித்துக்கொண்டேன்.

நைட்ஷிஃப்ட் தம்பி, இன்னொரு தொல்லை. பாதி வேலை தமிழ், பாதி வேலை ஆங்கிலம். ஒரு பக்கம் வேர்டில் தமிழில் மனு எழுதுவேன், அதற்குள் ஒருவர் வந்து கரன்ட் பில் கட்டச் சொல்வார். பிரவுசரில் எண்ணுக்குப் பக்கத்தில் மெயில் ஐடி அடித்தால் 'மெ'யும் 'ய'வுமாக விழும். மாற்றி மாற்றியே நாள் போகிறது.

ராயபுரம் நைட்ஷிஃப்ட்

மொழி மாற்ற விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ், அது தெரிந்திருக்கும். உங்களுக்கு வேண்டியது வேறு. செட்டிங்ஸில் டைப்பிங் பகுதிக்குள் கீபோர்டுக்கான மேம்பட்ட அமைப்புகள் என்று ஒரு பக்கம் இருக்கும், அதில் ஒவ்வொரு ஆப் விண்டோவுக்கும் தனித்தனி மொழி வைத்துக்கொள்ள ஒரு டிக் இருக்கிறது. அதைப் போட்டால் வேர்டு தமிழிலேயே நிற்கும், பிரவுசர் ஆங்கிலத்திலேயே நிற்கும். ஆல்ட் டேப் அடித்துத் தாவினால் மொழியும் கூடவே தாவும்.

ஹையர் பாஸ்

தம்பி தமிழ் எதில் அடிக்கிறார்? ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்று அடித்துத் தமிழாக மாறுகிற வகை என்றால் ஷார்ட்கட்டைவிட அங்கேதான் நேரம் போகிறது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி அரசு ஏற்றுக்கொண்ட தமிழ் 99ஐப் பாருங்கள். உயிரெழுத்தெல்லாம் இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில். அம்மாவுக்கு நான்கே தட்டு: அ, ம, ம, ஆ. புள்ளி நீங்கள் வைக்க வேண்டாம், ம-வை இரண்டு தடவை அடித்தால் முதல் ம-வுக்கு அதுவே புள்ளி வைத்துக்கொள்ளும். ந-வும் த-வும் அடுத்தடுத்து வந்தாலும் 'ந்த' ஆகிவிடும். இரண்டு வாரம் கஷ்டம். அப்புறம் இரண்டு கையும் மாறி மாறி விழும், மேளம் அடிக்கிற மாதிரி.

நைட்ஷிஃப்ட்டுக்கு ஒரு கேள்வி. அந்த விண்டோஸ் வியில் 25 சமாச்சாரம் நிற்கும் என்கிறீர்களே, கடைக்கு வருகிறவர்களின் ஆதார் நம்பர், பாஸ்வேர்டு எல்லாமும் நிற்குமா?

ராயபுரம் நைட்ஷிஃப்ட்

நிற்கும். அதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு. ஜெராக்ஸ் அண்ணா, அந்தப் பெட்டியிலேயே எல்லாவற்றையும் துடைக்க ஒரு பட்டன் இருக்கிறது, ஒவ்வொரு கஸ்டமர் எழுந்து போனதும் தட்டிவிடுங்கள். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தாலும் போய்விடும், நீங்கள் பின் குத்தி வைத்ததைத் தவிர. அதனால் உங்கள் கடை முகவரி மாதிரி விஷயத்தை மட்டும் பின் செய்யுங்கள், கஸ்டமருடையதை ஒருபோதும் வேண்டாம். வேறு கருவிகளோடு பகிர்கிற வசதியையும் அணைத்தே வையுங்கள். கல்லாவை விட்டு டீ வாங்கப் போனாலும் விண்டோஸ் எல், பூட்டிவிட்டுப் போங்கள்.

வண்ணாரப்பேட்டை ஃப்ளெக்ஸ்

எல்லாரும் மவுஸைத் திட்டுகிறீர்கள், என் வயிற்றுப்பிழைப்பு அதுதான். பழைய வண்ணாரப்பேட்டையில் பேனர், பில் புக், எம்.சி. ரோடு துணிக்கடைகளுக்குப் பை டிசைன், எல்லாம் கோரல் டிராவில். வலது கை மவுஸை விடாது, இடது கைதான் கீபோர்டில். எதையாவது தேர்ந்தெடுத்து பிரின்ட் பி ஒன்றை மட்டும் தட்டினால் பக்கத்தின் நட்ட நடுவில் போய் உட்காரும். கன்ட்ரோல் ஜி குரூப், எஃப்4 போட்டால் மொத்த டிசைனும் ஸ்கிரீனுக்குள் அடங்கும்.

பிரஸ்ஸுக்கு அனுப்பும் முன் கன்ட்ரோல் க்யூ, எழுத்தெல்லாம் கோடாக மாறிவிடும். இதை மறந்தால் அவர்களிடம் அந்தத் தமிழ் ஃபான்ட் இல்லாமல் 'பூப்புனித நீராட்டு விழா' கட்டம் கட்டமாக வந்து நிற்கும். கோடாக்கிய பிறகு எழுத்தைத் திருத்த முடியாது, அதனால் ஒரு காப்பி தனியாக வைத்துக்கொண்டுதான் செய்வேன். இதில் வேடிக்கை, அதே கன்ட்ரோல் க்யூவை போட்டோஷாப்பில் அடித்தால் கடையை மூடிக்கொண்டு போய்விடும். டேலித் தம்பி கதைதான். ஒவ்வொரு சாஃப்ட்வேரும் ஒரு ஊர், அங்கே அங்கே ஒரு வழக்கு.

எம்கேபி நகர் எக்செல்

ஃப்ளெக்ஸ் அண்ணா சொன்ன எஃப்4 எனக்கு எக்செலில் வேறு. சி1 கட்டத்தில் ஜிஎஸ்டி 18% வைத்திருக்கிறேன், பேங்க் பி பத்தியில் விலை. முதல் வரியில் பி2 பெருக்கல் சி1 என்று எழுதிக் கீழே இழுத்தால் அடுத்த வரியில் சி1 சி2 ஆகி, எல்லாம் பூஜ்யமாக வரும். ஃபார்முலாவில் சி1 அடித்த கையோடு எஃப்4 ஒரு தட்டு, $சி$1 ஆகிவிடும், எவ்வளவு இழுத்தாலும் அங்கேயே நிற்கும். இது தெரியாத ஒருவர் எங்கள் ஆபீஸில் நானூறு வரிக்கும் 18%ஐக் கையால் அடித்துக்கொண்டிருந்தார், பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

கூட்டுத்தொகைக்கு ஆல்ட்டும் சமக்குறியும். இன்றைய தேதிக்குக் கன்ட்ரோலும் அரைப்புள்ளியும், அப்படிப் போட்ட தேதி நாளைக்கு மாறாது, டுடே ஃபார்முலா போட்டால் தினமும் மாறும். ரசீதுக்கு முதலாவதுதான் சரி. மேலே இருப்பதையே கீழே நிரப்பக் கன்ட்ரோலும் டெல்லி டியும்.

எனக்கு நடந்த கூத்து ஸ்க்ரோல் லாக். ஒரு நாள் அம்புக்குறி அடித்தால் கட்டம் நகரவில்லை, ஷீட்டே மொத்தமாக நகர்கிறது. வைரஸ் என்றே நினைத்தேன். அரை நாள் மவுஸால் ஒவ்வொரு கட்டமாகக் கிளிக் செய்து வேலை பார்த்தேன், சாயங்காலம் பார்த்தால் கீழே பட்டியில் ஸ்க்ரோல் லாக் என்று எழுதியே இருக்கிறது. கீபோர்டைத் துடைக்கும்போது அமுங்கியிருக்கும்.

புதுசு_2

அண்ணா அக்கா, என் லேப்டாப்பில் எஃப்4 அடித்தால் சவுண்டுதான் மாறுது, டாலர் குறி வரவே இல்ல. ஸ்க்ரோல் லாக் கீயும் இல்ல. காலேஜ் ப்ராஜெக்ட் இருக்கு.

எம்கேபி நகர் எக்செல்

எஃப்என் என்று ஒரு கீ கீழ் வரிசையில் இருக்கும் பாருங்க தம்பி, அதைப் பிடித்துக்கொண்டு எஃப்4 அடியுங்கள். பல லேப்டாப்பில் எஃப்என்னோடு எஸ்கேப் அடித்தால் அது நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும், அப்புறம் வெறும் எஃப்4 போதும். ஸ்க்ரோல் லாக் மாட்டிக்கொண்டால் விண்டோஸ், கன்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அடித்தால் ஸ்கிரீனிலேயே ஒரு கீபோர்டு வரும், அதில் அந்தப் பட்டன் இருக்கும்.

டேலிக்காரன்

கன்ட்ரோல் ஆல்ட் டெலிட் பற்றி ஒருவரும் பேசவில்லையே. கம்ப்யூட்டர் தொங்கினால் எங்கள் முதலாளிக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது.

ராயபுரம் நைட்ஷிஃப்ட்

அதைச் செய்தவர் ஐபிஎம்மில் இருந்த டேவிட் பிராட்லி, 1981இல் வந்த அவர்களுடைய பிசிக்காக. முதலில் கன்ட்ரோல் ஆல்ட் எஸ்கேப் என்றுதான் வைத்தார்கள். மூன்றும் இடது பக்கமே இருந்ததால் கை பட்டாலே மெஷின் ரீஸ்டார்ட் ஆகிவிடும் என்று டெலிட்டுக்கு மாற்றி, இரண்டு கை வைத்தால்தான் முடியும் என்று ஆக்கினார்கள். கட், காப்பி, பேஸ்ட் என்ற வழியைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் இருந்த லாரி டெஸ்லர், 2020இல் இறந்தார். ஜெராக்ஸ் அண்ணா, உங்கள் கடைப் பெயருக்கு இந்தப் பெருமையும் உண்டு.

தொங்கினால் நேராகக் கன்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப் அடியுங்கள், டாஸ்க் மேனேஜர் திறக்கும். எது தொங்குகிறதோ அதை மட்டும் மூடலாம். ஸ்கிரீன் மட்டும் கறுப்பாகிப்போனால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பேங்க் பி நான்கும் சேர்த்து. டிஸ்ப்ளே டிரைவரைத் தட்டி எழுப்பும், திறந்திருக்கிற வேலை போகாது.

தண்டையார்பேட்டை ஜெராக்ஸ்

இரண்டு வாரம் ஆகிறது, கணக்கு சொல்ல வந்தேன். புது மவுஸ் வாங்கிவிட்டேன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொன்னதில் கையில் ஒட்டிக்கொண்டது ஆல்ட் கீழ் அம்புக்குறி, கன்ட்ரோல் பேக்ஸ்பேஸ், விண்டோஸ் வி, இந்த மூன்றுதான். விண்டோஸ் எல் தட்ட இன்னும் மறக்கிறேன். மொழி டிக் போட்டதில் இருந்து கரன்ட் பில்லில் தமிழ் விழவில்லை. தமிழ் 99 மூன்று நாள் செய்தேன் டீச்சர், கடையில் கூட்டம் வந்ததும் பழைய வழிக்கே ஓடிவிட்டேன், ஆனால் ராத்திரி வீட்டில் தினமும் பத்து வரி அடிக்கிறேன். விண்டோஸ் ஷிஃப்ட் எஸ் என்று ஒன்று வேறு நானே கண்டுபிடித்தேன், ஸ்கிரீனில் வேண்டிய இடத்தை மட்டும் வெட்டி எடுக்கிறது.

நேற்று ஒரு கஸ்டமரின் குட்டிப் பையன் கீபோர்டில் விளையாடி டேபை மூடிவிட்டான். நானும் பெருமையாக, எங்கோ படித்த கன்ட்ரோல் ஷிஃப்ட்டும் டேப் டியும் அடித்தேன், டேப் திரும்பி வந்தது. ஆனால் நிரப்பியதெல்லாம் காலி. ஏன் அப்படி?

ராயபுரம் நைட்ஷிஃப்ட்

அது மூடிய பக்கத்தின் விலாசத்தைத்தான் திரும்பக் கொண்டுவரும் அண்ணா. கட்டங்களில் நீங்கள் அடித்தது பல தளங்களில் மறுபடி வராது, லாகினும் போயிருக்கலாம். 'சேமித்துத் தொடர்க' பட்டன் இருக்கிற ஃபார்ம் என்றால் பக்கத்துக்குப் பக்கம் அதைத் தட்டிவிட்டு நகருங்கள்.

வண்ணாரப்பேட்டை ஃப்ளெக்ஸ்

அந்த வெட்டி எடுக்கிறதை வைத்து சர்ட்டிஃபிகேட்டை பிரின்ட் போட்டுக் கொடுக்காதே நைனா. ஸ்கிரீனில் பளிச்சென்று இருக்கும், பேப்பரில் எழுத்து மங்கலாக வரும். பிடிஎஃப் ஃபைலையே திறந்து பிரின்ட் போடு.

தண்டையார்பேட்டை ஜெராக்ஸ்

நேற்று இரண்டு பேருக்கு அப்படித்தான் கொடுத்தேன். இருங்கள், போன் போட்டு வரச் சொல்கிறேன்.